ஓய்வுக்குப் பின் ஒரு பெரும்பணி: இராபர்ட் புரூஸ் பூட்டும் கொற்றலையாற்றுக் கற்கருவிகளும்

இராபர்ட் புரூஸ் பூட் (22 செப்டம்பர் 1834 – 29 டிசம்பர் 1912) இங்கிலாந்தில் பிறந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தென்னிந்தியாவில் கழித்த நிலவியலாளர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று அழைக்கப்படுபவர். 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றை அவர் கண்டெடுத்தார் என்பது பள்ளிப் பாடநூல்களில் இடம்பெறும் செய்தி. மாணவர் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு வரி மட்டுமே. அந்த நாளில் அவருக்கு வயது 28. அரசுப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1891இல். அதன்பின் மேலும் 21 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 21 ஆண்டுகளில் அவர் செய்து முடித்த பணி இல்லாவிட்டால், பல்லாவரத்தில் கிடைத்த கல் ஒரு சுவையான செய்தியாக நின்றிருக்கும். ஓர் அறிவுத்துறைக்கு அடித்தளமாக ஆகியிருக்காது. பாடநூல்கள் பேசாத அந்தப் பிற்பகுதியைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆறும் அதன் கரையும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில், எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் சூழ்ந்த நீண்ட மணல்திட்டு காட்டுப்பள்ளி. மீனவக் குடியிருப்புகளுக்கு உரிய இடமாக இருந்த இத்திட்டில் இன்று கப்பல் கட்டும் தளம், 2012இல் செயல்படத் தொடங்கிய துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஆகியவை உள்ளன. கடல்நீர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடன் 2010இல் தொடங்கப்பட்டது. வடமேற்கே கும்மிடிப்பூண்டி வரை தொழிற்பேட்டைகள் பரவியுள்ளன.

இத்திட்டின் தென்முனையில் கடலைச் சேரும் ஆறு கொசஸ்தலையாறு. கொற்றலையாறு என்பது அதன் இன்னொரு பெயர். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் 'கோர்த்தலையார்' என்ற ஒலிப்பில் இது வழங்கியது. இந்த ஆற்றை எதிர்த்திசையில் தொடர்ந்து மேற்கே சென்றால் பூண்டி நீர்த்தேக்கம் வருகிறது. அதற்கு அப்பால், ஆற்றின் சிறு கிளையோடை ஒன்றின் கரையில், அல்லிக்குழி மலைத்தொடரை நோக்கியபடி அமைந்த சிற்றூர் அதிரம்பாக்கம். பல்லாவரக் கண்டுபிடிப்பு நிகழ்ந்து நான்கு மாதங்களுக்குள், 1863 செப்டம்பர் 28 அன்று, பூட்டும் அவருடைய உடன்பணியாளர் வில்லியம் கிங்கும் இங்கு ஏராளமான கற்கருவிகளைக் கண்டனர். பல்லாவரத்தில் கிடைத்தது செம்புரைக்கல் சரளைக்குழியில் தனியே கிடந்த கல். 'இது தற்செயலாக உடைந்தது' என்று எவரும் தட்டிக்கழித்திருக்கலாம். ஒரே வகையில் செதுக்கப்பட்ட கைக்கோடரிகள் குவியலாகக் கிடந்த அதிரம்பாக்கத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல வழியில்லை.

காலத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு சேர்ந்து பிரான்சின் சோம் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் மனிதன் செய்தவையே என்பதை இங்கிலாந்தின் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டது 1859இல். அச்செய்தி எட்டி நான்கே ஆண்டுகளில் சென்னையில் அதேபோன்ற கருவி அடையாளம் காணப்பட்டது. பூட் தொல்லியல் பயின்றவர் அல்லர். அன்று அப்படி ஒரு படிப்பே கிடையாது. பாறைகளைப் பார்த்துப் பழகிய கண், புதிய செய்தியைப் படித்த மனம், இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருந்தன.

பணிக்காலம்

பூட் 1858இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தார். சென்னை மாகாணம், ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகள் எனத் தக்காணம் முழுவதும் நடந்தும் குதிரையிலும் சுற்றினார். தங்கம் கிடைக்கும் பாறைத் தொடர்களுக்குத் 'தார்வார்' என்ற பெயரை நிலவியலில் நிலைநிறுத்தியவர் அவரே. கற்கருவி தேடுவதற்கு அவருக்குச் சம்பளம் தரப்படவில்லை. பாறை வரைபடம் தயாரிக்கும் வழியில் கண்ணில் பட்டதைக் குனிந்து எடுப்பதும், இடத்தின் பெயரை எழுதிவைப்பதும், பெட்டியில் போடுவதும் அவருடைய சொந்த விருப்பமாக இருந்தது. இதற்கு ஒரே விலக்கு கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகள். அறிஞர் தாமஸ் அக்ஸ்லி ஆர்வம் காட்டியதால் 1884இல் அரசே அங்கு அகழாய்வு நடத்தச் சொன்னது. அப்பணியில் பூட்டுக்கு அவருடைய மகனும் உதவினார்.

முப்பதாண்டுக்கு மேல் இப்படிச் சேர்ந்த பெட்டிகள்தாம் ஓய்வின்போது அவரிடம் இருந்த மூலதனம்.

ஓய்வு என்ற புதிய நிலை

குறிப்பிட்ட வயதானதும் வேலையை விடுவது, விட்டபின் மாத ஊதியத்தின் ஒரு பங்கு சாகும்வரை வருவது என்ற ஏற்பாடு நம் நாட்டில் ஆங்கிலேய ஆட்சியோடு வேர்கொண்ட ஒன்று. உழவருக்கும் கைவினைஞருக்கும் ஓய்வு நாள் என்று ஒன்று குறிக்கப்பட்டதில்லை. இன்றும் பெரும்பாலோருக்கு இல்லை. காட்டுப்பள்ளியில் வலை வீசுபவர் உடம்பு ஒத்துழைக்கும் வரை கடலுக்குப் போகிறார். அருகிலுள்ள ஆலையில் நிரந்தரப் பணியாளராக இருப்பவருக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஓய்வு வயது 58ஆக இருந்து, 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அறுபதில் ஓய்வு பெறும் ஒருவர் இருபது ஆண்டுகள் வாழ்வது இன்று வியப்பன்று. ஆகவே, ஓய்வுக்குப் பின் இருபத்தோராண்டு வாழ்ந்த பூட் எதிர்கொண்ட கேள்வி இன்றைய ஓய்வூதியரின் கேள்வியே.

அக்கால ஐரோப்பிய அதிகாரிகளுக்கு அதற்கு ஆயத்தமான விடை ஒன்று இருந்தது. கப்பலேறி இங்கிலாந்து திரும்புவது, கடற்கரை நகரம் ஒன்றில் வீடு எடுப்பது, மன்றங்களில் பழைய கதை பேசுவது. பூட் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் அவர் செய்தது, இன்று ஓய்வு பெறும் பொறியாளர் பலர் செய்வதுதான்: தெரிந்த தொழிலையே வேறோர் இடத்தில் தொடர்ந்தார். பரோடா அரசு தன் நிலப்பகுதியின் பாறைவளத்தை ஆராய அவரை அழைத்தது. அந்த ஆய்வின் அறிக்கை 1898இல் நூலாக வெளிவந்தது. 1894இல் மைசூர் அரசு நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதை அமைத்துக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றார்.

இந்த மறுபணி வீண்போகவில்லை. பரோடாவில் இருந்தபோது, 1893இல், சபர்மதி ஆற்றின் கரையில் பழைய கற்காலக் கருவிகளை அவர் கண்டார். குசராத்தின் தொல்பழங்காலம் வெளிச்சத்துக்கு வந்தது அப்போதுதான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1941இல், எச். டி. சங்காலியா அங்கு பெரும் ஆய்வுப் பயணத்தைத் தொடங்கியபோது பூட்டின் குறிப்புகளே வழிகாட்டின. ஆற்றின் கரைச்சுவரில் அடியில் இருந்த சரளைப்படிவில் பழைய கற்காலக் கருவிகள் கிடந்தன. புதிய கற்காலத்துக்குரியவை மேற்பரப்பில் கிடந்தன. இடையே மிகத் தடித்த மண்படிவு. இரு காலங்களுக்கும் இடையே மிக நீண்ட இடைவெளி இருந்திருக்க வேண்டும் என்று பூட் முடிவு செய்தார். அந்த இடைவெளியில் மனிதரே இல்லை என்பது போன்ற தோற்றம் அவர் எழுத்தில் உண்டு. பின்வந்த ஆய்வாளர்கள் நுண்கற்கருவிக் காலத்தைக் கொண்டு அதை நிரப்பினர். ஆனால் படிவுகளின் தடிமனைக் கொண்டு காலத்தை உணரும் முறை, கால அளவீட்டுக் கருவி எதுவும் இல்லாத நாளில், ஒரு நிலவியலாளர் தொல்லியலுக்குத் தந்த கொடை.

ஏற்காடு

மறுபணிகள் முடிந்தபின் அவர் சேர்வராயன் மலையில் ஏற்காட்டில் தங்கினார். அதற்குக் குடும்பக் காரணம் உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் தமிழுலகம் நன்கறிந்தவர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர்; சென்னையில் 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவர்; ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874இல் வெளியிட்டவர். பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில் காலமானார். பழமொழிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எண்ணிட்டு, பொருள் எழுதிய மாமனாரும், கற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எண்ணிட்டு, இடம் எழுதிய மருமகனும் ஒரே மலையூரோடு தொடர்புடையவர்கள் என்பது தற்செயலே ஆயினும் நினைக்க இனிமையானது.

சேர்வராயன் மலையிலும் அவர் தேடலை விடவில்லை. தேய்த்து மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளை அம்மலைவாழ் மக்கள் கண்டெடுத்து, சிறு கோயில்களிலும் மரத்தடிகளிலும் வைத்து வழிபட்டு வந்தனர். மண்ணில் கிடக்கும் அந்தக் கல் சாதாரணக் கல் அன்று என்பதை அவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். நிலவியலாளர் அதற்கு வேறொரு விளக்கம் தந்தார், அவ்வளவே.

விளக்கப் பட்டியல்

இங்கேதான் அவருடைய ஓய்வுக்காலத்தின் மையப்பணி வருகிறது. தொல்பொருளைச் சேர்ப்பது ஒரு வேலை. சேர்த்ததைப் பிறர் பயன்படுத்தும்படி செய்வது முற்றிலும் வேறு வேலை. ஒரு கைக்கோடரி எங்கே கிடைத்தது, எந்தப் படிவில் கிடந்தது, உடன் என்ன இருந்தது என்ற செய்தி தொலைந்துவிட்டால் அது அலமாரியில் வைக்கும் அழகுப்பொருள் ஆகிவிடும். அந்தச் செய்திகளில் பெரும்பகுதி பூட்டின் நினைவிலும் அவருடைய குறிப்பேடுகளிலும் மட்டுமே இருந்தது. அவர் எழுதாமல் போயிருந்தால் வேறு எவராலும் எழுதியிருக்க முடியாது.

எழுதாமல் போவது எத்தகைய இழப்பு என்பதற்கு அவர் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. 1882இல் அரசுப் பணியை விட்ட ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இந்தியப் பறவைகளைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகள் குறிப்பெடுத்து வைத்திருந்தார். அவருடைய சிம்லா வீட்டிலிருந்த கையெழுத்துக் கட்டுகளை வேலையாள் ஒருவர் பழைய தாளாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டார். மனமுடைந்த ஹியூம் பறவையியலையே கைவிட்டு, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைத் தோல்களை 1885இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பொருள்கள் பிழைத்தன; அவற்றைப் பற்றி அவர் எழுத இருந்த நூல் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் இந்திய தேசிய காங்கிரசு தோன்றியதில் ஹியூமுக்குப் பெரும்பங்கு உண்டு. ஓய்வுக்காலம் எதிர்பாராத திசையிலும் திரும்பும் என்பதற்கு அது தனிக்கதை.

பூட் முதலில் சென்னை அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த தொல்பழங்காலப் பொருள்களுக்குப் பட்டியல் தயாரித்தார். அது 1901இல் அச்சாயிற்று. 1904இல் அவருடைய சொந்தத் தொகுப்பை அரசு அருங்காட்சியகத்துக்காக விலைக்கு வாங்கியது. இதைக் கடலுக்கு அப்பால் அனுப்பாமல் சென்னையிலேயே வைக்க வழி செய்ததைப் பூட் செய்த நன்மைகளில் ஒன்றாகக் கருத வேண்டும். அக்காலத்தில் எத்தனையோ தொகுப்புகள் இலண்டனுக்கும் பெர்லினுக்கும் போய்விட்டன. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களில் ஒரு பகுதி அப்படித்தான் பெர்லின் சென்றது.

தொகுப்பை விற்றபின் அவர் அதோடு விட்டுவிடவில்லை. எழுபது வயதைத் தொட்ட நிலையில், அதற்கு விரிவான விளக்கப் பட்டியல் எழுதும் வேலையில் இறங்கினார். நானூறுக்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து வந்த பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் எண், ஊர், வடிவம், கல்லின் வகை. பழைய கற்கால மக்கள் குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லையும், புதிய கற்கால மக்கள் கரும்பாறை வகைகளையும் பெரிதும் பயன்படுத்தினர் என்ற முக்கியமான உண்மை, இப்படி ஒவ்வொரு கல்லின் இனத்தையும் எழுதிக்கொண்டே போனதால் தெளிவாகியது. பிறர் தூக்கியெறியும் பானை ஓட்டுத் துண்டுகளையும் அவர் விடவில்லை. அவற்றின் நிறம், மெருகு, கழுத்து வடிவம், கோட்டு அணிகள் அனைத்தையும் பதிந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஒன்றுக்கும் சென்ற ஆண்டு எடுத்த ஒன்றுக்கும் ஒரே அக்கறை.

பட்டியலைப் புரட்டும் மாணவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதில் திருவள்ளூர் மாவட்டம் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. செங்கற்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது 1997இல்தான். கொற்றலையாற்றுப் பகுதி ஊர்களைப் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் கீழும், அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சரளைக்குழி வெட்டிய கூலியாட்கள், மூட்டை சுமந்தவர்கள், 'இதோ இங்கே இன்னொன்று' என்று சுட்டிக்காட்டிய ஊரார் ஆகியோரின் பெயர்கள் பட்டியலில் மிக அரிதே. அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை.

அச்சில் பார்க்கவில்லை

1912 டிசம்பர் 29 அன்று பூட் கல்கத்தாவில் காலமானார். அப்போது பட்டியல் அச்சாகியிருக்கவில்லை. 'பூட் தொகுப்பு' என்ற பெயரில் விளக்கப் பட்டியலும் படங்களும் கொண்ட நூலை 1914இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. அப்பொருள்களின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் அடங்கிய இரண்டாம் நூல் 1916இல் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தென்னிந்தியத் தொல்பழங்காலம் பற்றி எழுதிய எவரும் இவ்விரு நூல்களைத் தொடாமல் எழுதவில்லை. ஏற்காட்டின் திருத்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது.

பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகள் பற்றிய வழக்கும் அவர் இறந்தபின்தான் தீர்ந்தது. அம்மேடுகள் எரிமலைச் சாம்பல் என்றும், இரும்பு உருக்கிய கழிவு என்றும், இடைக்காலத்தில் பெருங்கூட்டமாகப் பிணம் எரித்த இடங்கள் என்றும் பலர் பலவாறு சொல்லிவந்தனர். புதிய கற்கால மக்கள் மாட்டுத்தொழுவங்களில் குவிந்த சாணத்தை எரித்ததால் உண்டானவை என்பது பூட்டின் கருத்து. அதை அவர் பணியில் இருந்தபோதே சொன்னார். ஓய்வுக்காலக் குறிப்புகளிலும் விடாமல் வாதிட்டார். 1957இல் இரேமண்ட் ஆல்ச்சின் உட்னூரில் அகழ்ந்தபோது மாடுகளின் குளம்புத் தடங்களே கிடைத்தன. மாட்டுப்பட்டிகளின் சாம்பல் என்பது உறுதியானது.

தமிழகத்தில் இவ்வகை வாழ்வுகள்

பூட்டின் வாழ்க்கை விதிவிலக்கானதாகத் தோன்றலாம். அப்படியன்று. உ. வே. சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 64. பெருங்கதை 1924இலும் குறுந்தொகைப் பதிப்பு 1937இலும் வந்தன. தன்வரலாறான 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைவால் முற்றுப்பெறாமல் நின்றது. இந்திய ஆட்சிப் பணியில் இருந்த ஐராவதம் மகாதேவன் 1980இல், ஐம்பது வயதில், விருப்ப ஓய்வு பெற்றார். நடுவில் 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராக இருந்தார். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003இல் வெளிவந்தது. அதற்கான குகைப் பயணங்களை அவர் தொடங்கியது 1960களில்.

மூவரிடமும் ஓர் ஒற்றுமை தெரிகிறது. எவரும் ஓய்வு பெற்ற மறுநாள் 'இனி என்ன செய்யலாம்' என்று தேடவில்லை. வேலைக்கு நடுவே, வேலைக்கு அப்பால் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ஒன்றுக்கு ஓய்வு நேரம் கொடுத்தது. ஏடுகள், கல்வெட்டுப் படிகள், கற்கள். சேர்க்காத ஒருவர் அறுபதில் தொடங்க முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் முடிக்கப்படாமல் கிடந்த வேலை ஒன்று இருந்தவருக்கு அந்த ஆண்டுகள் நீளமாகத் தோன்றவில்லை என்பதை இவ்வரலாறுகள் காட்டுகின்றன.

அதிரம்பாக்கம் இன்று

1930களில் வி. டி. கிருஷ்ணசாமியும் 1960களில் கே. டி. பானர்ஜியும் கொற்றலையாற்றுப் பகுதியை ஆராய்ந்தனர். இப்பகுதியின் கருவி மரபு 'சென்னை மரபு' என்று உலக நூல்களில் இடம்பெற்றது. 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் அதிரம்பாக்கத்தில் அகழாய்வு நடத்தியது. மண்ணுக்குள் புதைந்த குவார்ட்சைட் கற்களில் அண்டக்கதிர்களால் உண்டான தனிமங்களை அளந்து, இங்குள்ள பழைய கருவிகள் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை, சராசரியாக 15 இலட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011இல் அறிவித்தனர். இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் இங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியது என்ற முடிவு 2018இல் வந்தது. மனிதர் ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய வரலாற்றையே மறுபடி எண்ணிப் பார்க்கவைத்த முடிவுகள் இவை. பூட் கனவிலும் நினைத்திராத எண்கள். எனினும், எங்கே தோண்ட வேண்டும் என்ற கேள்விக்கு விடை அவர் பதிந்த ஊர்ப்பெயரில் இருந்தது.

பூட் தொகுப்பு சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. நீர்த்தேக்கத்தைப் பார்க்கச் செல்வோர் அதையும் பார்க்கலாம். ஆற்றின் மறுமுனையில் நிலைமை வேறு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து நீரோட்டம் குறைந்துள்ளது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை மீனவர்கள் எதிர்த்து வருகின்றனர். கருவி செய்த மக்கள் வாழ்ந்த மேல்பகுதியிலும் சரளைக்கும் செம்மண்ணுக்குமாக நிலம் தோண்டப்படுகிறது. தோண்டிய இடத்தில் கிடந்தவை எவை என்பதைக் கேட்டு எழுதிவைக்க ஆளில்லாத ஊர்களே அங்கு மிகுதி.